டீக்கன் ஜோன்ஸின் கணக்கை எழுதுங்கள்: என்.எஃப்.எல் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்லின் ஆணையர் ராஜர் குடெல் அவர்களுக்கும், சாதனைப் புத்தகத்தைத் தொகுக்கும் அலுவலர்களுக்கும், அணி உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். 1982ஆம் ஆண்டுக்கு முன்பு ஆடியவர்கள், பந்தை எறிய வரும் குவார்ட்டர்பேக்கைத் தரையில் சாய்த்து எடுத்த சேக்குகளை உங்கள் அதிகாரபூர்வக் கணக்கில் ஏற்றுங்கள். 1961 முதல் 1974 வரை ஆடிய டீக்கன் ஜோன்ஸ் என்ற தடுப்பாட்டக்காரரின் பெயருக்கு நேரே இத்தனை வருடமாகக் காலியாகக் கிடக்கிற இடத்தில் அவர் எடுத்த எண்ணிக்கையை எழுதுங்கள். அதற்கான வேலையில் பெரும்பகுதியை வேறு ஆட்கள் ஏற்கெனவே முடித்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் செய்ய வேண்டியது அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான்.

மடல் உங்களுக்குத்தான் என்றாலும் தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் ஞாயிறு இரவு தூக்கத்தை விட்டு உங்கள் ஆட்டங்களைப் பார்க்கிற தமிழர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. டி.ஜே. வாட், மைல்ஸ் கேரட் என்று இன்றைய ஆட்டக்காரர்களைப் பார்த்து இந்த விளையாட்டுக்குள் வந்தவர்கள் அவர்கள். உங்கள் பட்டியலை எடுத்துப் பார்த்தால் குவார்ட்டர்பேக்கைத் துரத்திப் பிடிக்கிற கலையே 1982இல்தான் பிறந்தது என்று அவர்கள் நம்பிவிடுவார்கள். அதனால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சில சங்கதிகளையும் அவர்களுக்காக விளக்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

குவார்ட்டர்பேக் பந்தை வாங்கிக்கொண்டு நாலைந்து எட்டு பின்னால் போய், யாருக்கு எறியலாம் என்று பார்க்கிறார். அவருக்குக் கிடைப்பது இரண்டரை, மூன்று நொடி. அவருக்கு முன்னால் மலை மாதிரி ஐந்து பேர் அரணாக நிற்கிறார்கள். அந்த அரணைத் தாண்டி உள்ளே புகுந்து, பந்து கையை விட்டுப் போவதற்கு முன்பே அவரைத் தரையில் சாய்த்தால் அது சேக். எதிரணிக்கு ஏழெட்டு யார்டு நஷ்டம், கையில் இருக்கிற நாலு முயற்சியில் ஒன்றும் வீண். தடுப்பாட்டக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய பேறு கிடையாது, கிரிக்கெட்டில் பந்துவீச்சாளருக்கு விக்கெட் எப்படியோ அப்படி. விக்கெட் விழுந்தது என்று எழுதிவிட்டு, எடுத்தவர் பெயரை மட்டும் எழுதாமல் விட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1982 வரை உங்கள் கணக்குப் புத்தகம் அப்படித்தான் இருந்தது.

விழுந்த குவார்ட்டர்பேக்குகளின் கணக்கு மட்டும் 1960களில் இருந்தே உங்களிடம் இருக்கிறது. யார் எத்தனை முறை மாட்டினார், அணிக்கு எத்தனை யார்டு போனது என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. வீழ்த்தியவர் பெயர்தான் இல்லை. அப்படிப் பெயர் விடுபட்டவர்களில் முதன்மையானவர் ஜோன்ஸ்.

டேவிட் ஜோன்ஸ் 1938 டிசம்பர் 9 அன்று ஃப்ளோரிடா மாநிலத்தின் ஈட்டன்வில்லில் பிறந்தார். அடிமைமுறை ஒழிந்து ஒரு தலைமுறை ஆவதற்குள், 1887இலேயே, கறுப்பின மக்கள் தாங்களே சட்டப்படி அமைத்துத் தாங்களே நிர்வகித்த சிற்றூர் அது. வீட்டில் பத்துப் பேர், இருந்தது நாலு அறை. அவர் பதின்வயதில் இருந்தபோது நடந்த ஒரு சம்பவத்தைப் பின்னாளில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். தேவாலயத்தில் இருந்து மக்கள் வெளியே வந்து நின்றுகொண்டிருந்தார்கள், அந்தப் பக்கமாகக் காரில் போன வெள்ளைக்காரப் பையன்கள் ஒரு தர்ப்பூசணியைத் தூக்கி எறிந்தார்கள், அது ஒரு வயதான அம்மாவின் தலையில் பட்டது. பையன்கள் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். சில நாளில் அந்த அம்மா இறந்துபோனார். போலீஸ் விசாரணை என்று எதுவும் நடக்கவில்லை. காரின் பின்னாலேயே ஓடிப் பிடிக்க முடியாமல் திரும்பி வந்த அந்தச் சிறுவன், உள்ளுக்குள் எரிந்த கோபத்துக்கு வடிகாலாகக் கிடைத்தது இந்த முரட்டு விளையாட்டுதான் என்று கடைசிவரை சொன்னார்.

கல்லூரியிலும் அந்த நெருப்பு அணையவில்லை. தென் கரோலினா ஸ்டேட் கல்லூரியில் ஆட்டத்துக்கான உதவித்தொகை கிடைத்திருந்தது, இன ஒதுக்கலுக்கு எதிரான போராட்டத்தில் கலந்துகொண்டார் என்று அதைப் பறித்துவிட்டார்கள். ஒரு வருடம் ஆட்டமே இல்லை. அப்புறம் மிசிசிப்பி வொகேஷனல் என்ற கல்லூரிக்கு மாறினார். வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் கறுப்பின மாணவர்களுக்கு எந்த விடுதியிலும் அறை தர மாட்டார்கள், எதிரணியின் உடற்பயிற்சிக் கூடத்தில் கட்டில் போட்டுத் தூங்கிவிட்டு மறுநாள் அதே அணியோடு மோதியிருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட இடத்தில் ஆடுகிற ஒருவரை 1961இல் எந்த அணி தேடிப் போகும்? லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியின் ஆட்களும் அவரைத் தேடிப் போகவில்லை. வேறொரு ஓட்டக்காரரை எடைபோடுவதற்காகப் படச்சுருளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவரைப் பின்னாலிருந்து ஓடிவந்து எட்டிப் பிடிக்கிற ராட்சத உருவம் யார் என்று கேட்டார்கள். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கிற ஆண்டுத் தேர்வின் பதினான்காவது சுற்றில், 186ஆவது ஆளாக எடுத்தார்கள். இன்று உங்கள் தேர்வில் மொத்தமே ஏழு சுற்றுதான்.

ராம்ஸ் முகாமுக்கு வந்ததும் தனக்கு டீக்கன் என்று அவரே பெயர் வைத்துக்கொண்டார். லாஸ் ஏஞ்சலஸ் தொலைபேசிப் புத்தகத்தில் டேவிட் ஜோன்ஸ்கள் நிறைய இருக்கிறார்கள், இந்தப் பெயரை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள் என்பது அவர் கேள்வி. தான் யார் என்பதை உலகம் சொல்லட்டும் என்று காத்திருக்கிற ரகம் இல்லை அவர், எனக்கு அவரைப் பிடிப்பதற்கு முதல் காரணமே அதுதான். குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவதற்கு ‘சேக்’ என்று பெயர் கொடுத்ததும் அவர்தான் என்று உங்கள் ஆட்கள் உட்பட எல்லோரும் சொல்கிறார்கள்.

ஆறடி ஐந்து அங்குல உயரம், சுமார் 270 பவுண்டு எடை. அந்தக் காலத்தில் அந்த உடம்பு இருக்கிறவர்கள் நின்ற இடத்திலேயே மோதுவார்கள், அவ்வளவுதான். ஜோன்ஸ் ஓடினார். ஆடுகளத்தின் ஒரு ஓரத்தில் இருந்து மறு ஓரம் வரை போய் ஆளைப் பிடித்தார். அவருக்குப் பக்கத்தில் மெர்லின் ஓல்சன், அந்தப் பக்கம் ரோசி க்ரியர், லமார் லண்டி. இந்த நால்வர் கூட்டணிக்கு ‘ஃபியர்சம் ஃபோர்சம்’ என்று பெயர், அமெரிக்காவில் அந்தப் பெயரைக் கேட்டாலே இன்றும் எழுபது வயதுக்காரர்களுக்கு முகம் மலர்ந்துவிடும். 1966இல் ஜார்ஜ் ஆலன் பயிற்சியாளராக வந்த பிறகு ராம்ஸ் உச்சத்துக்குப் போனது, 1967இல் 11 வெற்றி, ஒரு தோல்வி, இரண்டு சமன். அந்த ஆண்டும் அதற்கு அடுத்த ஆண்டும் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது ஜோன்ஸுக்கு. எட்டு முறை ப்ரோ போல் என்னும் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வு, 1965 முதல் 1969 வரை தொடர்ச்சியாக ஐந்து வருடம், லீகின் சிறந்தவர்களைக் கொண்ட முதல் ஆல்-ப்ரோ அணியில் இடம். ஆனால் பட்டம் வாங்கவே இல்லை. 14 சீசன்களில் ஆடியிருக்கக்கூடிய 196 ஆட்டங்களில் 191 ஆடியிருக்கிறார், சூப்பர் போல் என்ற இறுதிப் போட்டியில் ஒருமுறைகூட ஆடியதில்லை.

அவருடைய பிரபலமான ஆயுதத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பந்து நகர்ந்த அந்தக் கணத்திலேயே எதிரில் இருப்பவரின் ஹெல்மெட்டில், காதுக்கு நேராக, திறந்த கையால் ஓங்கி ஓர் அறை. வாங்குகிறவருக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும், தலை ஒரு பக்கம் சாயும், கண்ணைத் திறக்கும்போது ஜோன்ஸ் அவரைத் தாண்டிப் போயிருப்பார். மறுமுறை அவர் கையைத் தூக்கினாலே போதும், எதிராளி அடி வராமலேயே தலையைப் பின்னுக்கு இழுப்பார், அந்த அரை நொடி ஜோன்ஸுக்குப் போதும். பழைய படச்சுருள்களில் 75ஆம் எண் சட்டையை மட்டும் கவனித்துப் பாருங்கள், அடியைவிட அதற்கு அடுத்த இரண்டு எட்டுதான் என்னை அசர வைக்கிறது. அவ்வளவு பெரிய உடம்பு, தடுமாறாமல் அப்படியே வளைந்து உள்ளே போகிறது. இந்தத் தலையறையை ஜோன்ஸ் கண்டுபிடிக்கவில்லை, க்ரியரிடம் இருந்து கற்றுக்கொண்டதாகச் சொல்வார், ஆனால் அதை ஒரு வித்தையாக்கியவர் இவர். 1977இல் நீங்கள் அதைத் தடைசெய்தீர்கள். செய்தது சரி. தலையில் விழுகிற அடி ஆட்டக்காரர்களின் மூளையை என்ன செய்கிறது என்று இன்று நமக்குத் தெரிந்திருக்கிற நிலையில் அந்தத் தடையை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அவர் ஆடிய 1961 முதல் 1974 வரை அது விதிக்குள் இருந்தது. விதிக்குள் ஆடிய ஆட்டம் கணக்கில் வரவேண்டும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அவர் காலத்தில் ஒரு சீசனுக்கு 14 ஆட்டம், இப்போது 17. அணிகள் பந்தை எறிந்ததும் இன்றைக்கு எறிவதைவிடக் குறைவு, ஓடித்தான் முன்னேறினார்கள். எறிந்தால்தானே எறிகிறவரைப் பிடிக்க முடியும்? அப்படி இருந்தும் அவர் 1964இல் 22 சேக், 1967இல் 21.5, 1968இல் மறுபடி 22 என்று எடுத்தார். மூன்றுமே 14 ஆட்ட சீசன்கள். வாழ்நாள் மொத்தம் 173.5.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதைத்தான் நீங்கள் பொறுமையாகக் கேட்க வேண்டும். ஜான் டர்னி, நிக் வெப்ஸ்டர் என்று இரண்டு ஆய்வாளர்கள். யாரும் கேட்டுக்கொள்ளாமல், வருடக்கணக்கில், ஒவ்வோர் அணியின் பழைய ஆட்டக் குறிப்புகளையும் தேடி எடுத்துப் படித்தார்கள். செய்தியாளர் மாடத்தில் உட்கார்ந்து ஆட்டம் நடக்க நடக்கத் தட்டச்சு செய்த தாள்கள் அவை: எத்தனையாவது முயற்சி, எந்தக் கோட்டில் பந்து, யார் எறிய முயன்றார், எத்தனை யார்டு நஷ்டம், யார் பிடித்தார். தாளில் பெயர் இல்லாத இடத்தில் படச்சுருளைப் பார்த்தார்கள். இருவர் சேர்ந்து பிடித்தால் ஆளுக்குப் பாதி என்ற உங்களுடைய இன்றைய விதியையே அன்றைய ஆட்டங்களுக்கும் வைத்துக்கொண்டார்கள். அந்த உழைப்பின் பலனாக, 1960 வரை பின்னோக்கிப் போகிற கணக்கை ப்ரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் என்ற புள்ளிவிவர இணையதளம் 2021இல் வெளியிட்டது. அங்கே இன்றும் அதற்கு ‘அதிகாரபூர்வமற்றது’ என்றுதான் பெயர், நீங்கள் ஒப்புக்கொள்ளாததால்.

அவர்கள் தங்களுக்குப் பிடித்தவர்களைத் தூக்கிவிட்டார்களா என்று உங்களுக்குச் சந்தேகம் வரலாம். நடந்தது நேர் எதிர். ரசிகர்களும் பத்திரிகைகளும் பல ஆண்டுகளாக ஜோன்ஸ் 1967இல் 26 சேக் எடுத்தார் என்று சொல்லிவந்தார்கள். இவர்கள் எண்ணிப் பார்த்து அதை 21.5 ஆக இறக்கினார்கள். 1976இல் சின்சினாட்டிக்காக ஆடிய காய் பேக்கனுக்கும் அதே 26 என்று ஒரு பேச்சு இருந்தது, அதுவும் 21.5 ஆனது. நேர்மையான கணக்கு இப்படித்தான் இருக்கும். நீங்கள் கணக்கு வைக்காமல் விட்ட இடத்தில்தான் ஊதிப் பெருக்கிய எண்கள் உலவின, கணக்கு வந்ததும் அவை அடங்கின. பழங்கதைகளை நம்ப முடியாது என்று நீங்கள் கவலைப்பட்டால், அந்தக் கவலையைத் தீர்த்து வைத்தவர்களே இவர்கள்தான்.

சரிபார்க்க உங்களிடமே ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு சீசனிலும் ஓர் அணியின் குவார்ட்டர்பேக்குகள் எத்தனை முறை வீழ்த்தப்பட்டார்கள் என்ற அணிக் கணக்கு உங்கள் ஆவணங்களில் இருக்கிறதே. தனித்தனி ஆட்டக்காரர்களுக்கு இவர்கள் கொடுத்திருக்கும் சேக்குகளைக் கூட்டிப் பார்த்து அதோடு ஒப்பிடுங்கள். பொருந்துகிற ஆண்டுகளை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். பொருந்தாத ஆண்டுகளில், குறிப்பாகத் தாள்கள் தொலைந்துபோன 60களின் தொடக்க ஆண்டுகளில், எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள், கிடைத்த ஆவணங்களின்படி இவ்வளவு என்று கீழே எழுதுங்கள். குறி போட்ட எண் இருப்பதால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

முழுமையாகக் கிடைக்காத ஆவணத்தை அதிகாரபூர்வமாக ஏற்பது முறையா என்று கேட்பீர்கள். உங்கள் நாட்டின் பேஸ்பால் அமைப்பைப் பாருங்கள். 2024 மே மாதம் மேஜர் லீக் பேஸ்பால், இன ஒதுக்கல் காலத்தில் கறுப்பினத்தவர்கள் தனியாக ஆடிய நீக்ரோ லீகுகளின் 2,300க்கும் அதிகமானவர்களின் புள்ளிவிவரங்களைத் தன் அதிகாரபூர்வக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. 1920 முதல் 1948 வரையிலான அந்த ஆட்டங்களில் ஏறக்குறைய முக்கால் பங்குக்குத்தான் பதிவு கிடைத்திருக்கிறது என்று அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள், சொல்லிவிட்டுச் சேர்த்தார்கள். ஒரே நாளில், அதுவரை முதலிடத்தில் இருந்த டை காபை முந்தி, நீக்ரோ லீகுகளில் ஆடிய ஜாஷ் கிப்சன் .372 மட்டையடிச் சராசரியோடு வாழ்நாள் பட்டியலின் உச்சிக்கு வந்தார். கிப்சன் இறந்தது 1947இல். முக்கால் பங்கு பதிவோடு பேஸ்பாலுக்கு முடிகிறது என்றால், உங்கள் சொந்த லீகில், உங்கள் சொந்த அலுவலர்கள் தட்டச்சு செய்த தாள்களோடு உங்களுக்கு ஏன் முடியாது?

அப்புறம், உங்கள் வீட்டிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 1970இல் போட்டி லீகான ஏ.எஃப்.எல் உங்களோடு இணைந்தபோது அவர்களுடைய பத்தாண்டுக் கணக்கை முழுவதுமாக ஏற்றுக்கொண்டீர்கள். அதனால்தான் குவார்ட்டர்பேக் ஜோ நேமத் 1967இல் எறிந்த 4,007 யார்டு உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. அவர் அந்த ஆண்டு ஆடியது உங்கள் லீகில்கூட இல்லை. அதே 1967இல் உங்கள் லீகிலேயே ஜோன்ஸ் எடுத்த 21.5 சேக்குக்கு இடம் இல்லை. இன்னும் பின்னால் போனால் 1952இல், அதே ராம்ஸ் அணியில், ‘நைட் ட்ரெய்ன்’ என்று அழைக்கப்பட்ட டிக் லேன் 12 ஆட்டத்தில் 14 பந்துகளை இடைமறித்துப் பிடித்தார். அந்தச் சாதனையை எழுபது வருடத்துக்கும் மேலாக மதித்துக் காப்பாற்றி வருகிறீர்கள், அதற்காக உங்களுக்கு நன்றி. பந்தைப் பறித்தவருக்குக் கொடுத்த மரியாதையை, பந்து வைத்திருந்தவரைச் சாய்த்தவருக்கும் கொடுங்கள் என்கிறேன்.

இதில் என்னை ரொம்பவும் உறுத்துகிற ஒரு விஷயம் உண்டு. 1974இல், ஆட்டத்தை விட்டு விலகுகிற ஆண்டில், ஜோன்ஸ் வாஷிங்டன் அணியில் தன் பழைய பயிற்சியாளர் ஜார்ஜ் ஆலனோடு சேர்ந்தார். அந்த சீசனின் கடைசி வழக்கமான ஆட்டத்தில், டச்டவுனுக்கு (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்ப்பதற்கு)ப் பிறகு உதைக்கிற ஒரு கூடுதல் புள்ளியை, அன்புக்காக, அவரையே உதைக்கச் சொன்னார் ஆலன். ஜோன்ஸ் உதைத்தார், பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. அந்த ஒரு புள்ளி அதிகாரபூர்வக் கணக்கில் இருக்கிறது. பதினான்கு வருடம் உடம்பை முறித்து அவர் செய்த வேலை அதில் இல்லை.

2013 ஜூன் 3 அன்று, 74 வயதில், கலிஃபோர்னியாவில் ஜோன்ஸ் காலமானார். அதே ஆண்டு நீங்கள் ஒரு விருதைத் தொடங்கினீர்கள். சீசனில் அதிக சேக் எடுப்பவருக்கு டீக்கன் ஜோன்ஸ் விருது. முதலில் 19.5 எடுத்த ராபர்ட் மாத்திஸ் வாங்கினார், 2024இல் 17.5 எடுத்த ட்ரே ஹென்ட்ரிக்சன் வாங்கினார். நல்ல காரியம்தான், மனதாரச் சொல்கிறேன், அந்த விருதுக்கு வேறு யார் பெயரும் பொருந்தாது. உங்கள் 75ஆம் ஆண்டு அணியிலும் அவர் இருக்கிறார், நூறாம் ஆண்டு அணியிலும் இருக்கிறார். 1980இலேயே கேன்டன் நகரத்தின் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். 2009இல் ராம்ஸ் அவருடைய 75ஆம் எண்ணை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஓய்வு கொடுத்தது. இவ்வளவு மரியாதைக்கும் அடிப்படை எதுவோ, அதை மட்டும் எழுத மறுக்கிறீர்கள். அவர் பெயரில் விருது வாங்குகிற இளைஞர், அவர் எத்தனை எடுத்தார் என்று உங்கள் புத்தகத்தைத் திறந்தால் அங்கே ஒன்றும் இருக்காது.

ஜோன்ஸுக்காக மட்டும் கேட்கவில்லை. மினசோட்டாவின் ஆலன் பேஜ் 1971இல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதை வாங்கினார், தடுப்பாட்டக்காரர் ஒருவர் அதை வாங்கியது அதுவே முதல்முறை. பின்னாளில் சட்டம் படித்து அந்த மாநில உச்ச நீதிமன்றத்தில் 2015 வரை நீதிபதியாக இருந்தவர். ஆய்வாளர்கள் கணக்குப்படி அவர் எடுத்தது 148.5, உங்கள் கணக்கில் பூஜ்யம். பிட்ஸ்பர்கோடு நாலு சூப்பர் போல் வென்ற ஜோ கிரீன், பூஜ்யம். கால் எலும்பு முறிந்த நிலையில் சூப்பர் போல் ஆடிய ஜாக் யங்பிளட் 14 சீசன் ஆடினார், அதில் கடைசி மூன்றைத்தான் நீங்கள் எண்ணுகிறீர்கள். அட்லாண்டாவின் கிளாட் ஹம்ஃப்ரி 1981இல் விலகியவர், புகழ் மண்டபக் கதவு அவருக்குத் திறக்க 2014 ஆனது. பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ஓர் எண் இருந்திருந்தால் அவ்வளவு காலம் ஆகியிருக்காது என்பது என் உறுதியான எண்ணம். தேர்வு செய்கிறவர்கள் எண்ணைப் பார்த்துத்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். எண் இல்லாதவருக்காக வேறு ஒருவர் எழுந்து கதை சொல்ல வேண்டியிருக்கிறது, கதை சொல்ல ஆளும் வருடா வருடம் குறைகிறது.

லாரன்ஸ் டெய்லரையே எடுத்துக்கொள்ளுங்கள், நியூயார்க் ஜெயன்ட்ஸ் ஆட்டக்காரர், உங்கள் அலுவலகம் இருக்கிற ஊரின் செல்லப்பிள்ளை. 1981இல் புதுமுகமாக வந்த அதே ஆண்டில் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை வாங்கினார். அந்த ஆண்டு எடுத்த 9.5 சேக் அவருடைய அதிகாரபூர்வக் கணக்கான 132.5இல் கிடையாது. ஏனென்றால் எண்ண ஆரம்பித்தது அடுத்த வருடம். விருது கொடுத்தவர்களின் கண்ணுக்குத் தெரிந்த ஆட்டம் புத்தகத்துக்கு மட்டும் தெரியவில்லை.

கணக்கைச் சேர்த்தால் இன்றைய சாதனைகள் கலைந்துபோகும் என்ற தயக்கமும் உங்களுக்குள் இருக்கலாம். ஆமாம், சில இடம் மாறும். வாழ்நாள் பட்டியலில் புரூஸ் ஸ்மித்தின் 200உம் ரெஜி ஒயிட்டின் 198உம் அப்படியே முதல் இரண்டு இடத்தில் இருக்கும், மூன்றாவதாக ஜோன்ஸ் வருவார், 160 எடுத்த கெவின் கிரீன் ஓர் இடம் கீழே போவார். 2001இல் மைக்கேல் ஸ்ட்ரேஹன் 22.5 எடுத்துப் புதிய சாதனை என்று அறிவித்தீர்கள், 2021இல் டி.ஜே. வாட் அதைச் சமன் செய்தார். ஆனால் 1978இலேயே டெட்ராய்ட்டில் ‘புப்பா’ பேக்கர், அதுவும் முதல் வருடத்திலேயே, 23 எடுத்திருக்கிறார். ஸ்ட்ரேஹனின் கடைசி சேக்கில் குவார்ட்டர்பேக் பிரெட் ஃபாவ்ர் எவ்வளவு சுலபமாகச் சரிந்தார் என்று அமெரிக்கா முழுக்கப் பேசியது, பேசினாலும் நடந்ததை நீங்கள் எழுதினீர்கள், எழுதியதில் தப்பில்லை. பேக்கர் எடுத்ததும் நடந்ததுதானே? ஸ்ட்ரேஹனுக்கோ வாட்டுக்கோ இதனால் சிறுமை எதுவும் வராது. சராசரி போட்டுப் பார்த்தால், வாட் ஆடியது 15 ஆட்டம், ஓர் ஆட்டத்துக்கு 1.5. ஜோன்ஸ் 1968இல் 14 ஆட்டத்தில் 22, ஓர் ஆட்டத்துக்கு 1.57. அரை நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு பேர் இவ்வளவு நெருக்கமாக ஓடுகிறார்கள் என்று தெரிந்தால் இன்றைய ரசிகருக்குச் சந்தோஷம்தான் வரும். இந்த ஒப்பீட்டை நாங்கள் எங்கள் அரட்டைகளில் செய்கிறோம், உங்கள் ஒளிபரப்பில் உங்கள் வர்ணனையாளர்கள் செய்ய முடியவில்லை. ‘1982 முதல்’ என்று ஒரு சொல்லை ஒட்டிவிட்டு அவர்கள் அவசரமாக அடுத்த பேச்சுக்குப் போவதைக் கேட்கிறபோதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு விஷயம், இதைச் சொல்லாமல் விட்டால் மடல் முழுமையாகாது. ஜோன்ஸ், பேஜ், பேக்கன், ஹம்ஃப்ரி, மினசோட்டாவின் கார்ல் எல்லர், ஜோ கிரீன் என்று அந்தத் தலைமுறையின் பெயர்களை அடுக்கிப் பாருங்கள், பெரும்பாலோர் கறுப்பினத்தவர்கள். அவர்களில் பலர் படித்தது பெரிய அணிகளின் ஆட்கள் எட்டிப் பார்க்காத கல்லூரிகளில். உணவகத்தில் உட்கார விடாத ஊர்களில் வளர்ந்து, உங்கள் லீகுக்கு வந்து, குவார்ட்டர்பேக்கின் மேல் பார்வையாளர்களின் கண் இருந்த காலத்தில் அவர்களுடைய கண்ணைத் தடுப்பாட்டத்தின் பக்கம் திருப்பியவர்கள். யாரும் சதி செய்து அவர்கள் கணக்கை அழித்தார்கள் என்று நான் சொல்லவில்லை, அப்போது யாருக்கும் எண்ணத் தோன்றவில்லை, அவ்வளவுதான். எண்ணத் தோன்றாமல் போனதற்கு அன்றைக்கு இருந்தவர்கள் பொறுப்பு. எண்ணி முடித்துக் கையில் கொடுத்த பிறகும் வாங்கி வைத்துக்கொள்ளாமல் இருப்பதற்கு நீங்கள் பொறுப்பு.

என்ன செய்யலாம் என்று என்னால் முடிந்தவரை யோசித்து வைத்திருக்கிறேன். உங்கள் புள்ளிவிவர ஆட்கள், உங்களுக்குப் புள்ளிவிவரம் தொகுத்துத் தரும் எலியாஸ் நிறுவனத்தார், புகழ் மண்டபத்தின் ஆவணக் காப்பாளர்கள், டர்னியும் வெப்ஸ்டரும், ஆட்ட வரலாறு எழுதுகிற இரண்டு மூன்று பேர் என்று ஒரு சிறு குழுவை அமையுங்கள். 32 அணிகளின் கிடங்குகளில் இருக்கிற பழைய தாள்களையும் படச்சுருள்களையும் அவர்களுக்குத் திறந்துவிடுங்கள், வெளியாட்களாக நின்று அவர்கள் தேடியபோது கிடைக்காத தாள் உள்ளே இருக்கலாம். எந்த ஆண்டுவரை உறுதியாக எண்ண முடிகிறதோ அந்த ஆண்டுவரை முதலில் ஏற்றுங்கள். முதல் கட்டமாகப் பின்னோக்கி 1970 வரை போனாலே பேஜும் கிரீனும் யங்பிளட்டும் பேக்கனும் பேக்கரும் உள்ளே வந்துவிடுவார்கள். ஜோன்ஸின் பெரிய ஆண்டுகள் எல்லாம் 60களில் இருப்பதால் அவர் இரண்டாம் கட்டத்துக்குக் காத்திருக்க வேண்டி வரலாம். அதுகூடப் பரவாயில்லை, வேலையைத் தொடங்குங்கள்.

உரிமையாளர்கள் எல்லோரும் ஒவ்வொரு மார்ச் மாதமும் கூடி விதி மாற்றங்களைப் பற்றி ஓட்டுப் போடுகிறீர்கள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்லிக் கேட்கிறேன். அந்தக் காலத்தில் ஆடியவர்களில் உயிரோடு இருப்பவர்கள் எழுபதையும் எண்பதையும் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். காய் பேக்கன் 2008இல் போய்விட்டார், ஹம்ஃப்ரி 2021இல். மிச்சம் இருப்பவர்களை அந்த அறைக்கு அழையுங்கள், அவர்கள் முன்னிலையில் ஓட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆட்டத்தை நேசிக்கும் ஒரு தமிழ் ரசிகன்